பனிப் பாதைகளுக்குப் படியளப்பது யார்?

வரவு செலவுத் திட்டங்களைச் செய்தியாக்கியே காலத்தைக் கழித்தவனுக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், பணம் எங்கிருந்து வருகிறது என்றே மனம் முதலில் தேடும். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஸ்னோமொபைல் பாதைகளைப் பற்றி வாசித்தபோதும் அதுவே நேர்ந்தது. பனி விழுவதைத் திரையில் மட்டுமே கண்ட எனக்கு அந்த வண்டியில் நாட்டமில்லை. அதன் கணக்கில்தான் நாட்டம்.

முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னால் சுழலும் பட்டியுமாகப் பனியின் மேல் ஓடும் மோட்டார் வண்டியே ஸ்னோமொபைல். அதன் மூதாதைகளுள் ஒன்றை 1924இல் கார்ல் எலியாசன் என்பவர் இதே மாநிலத்தின் செய்னர் என்னும் சிற்றூரில் உருவாக்கினார். 1927இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று அங்கே இவ்வண்டிகளுக்கான பாதைகளின் நீளம் 25,000 மைல்களுக்கு மேல். வடக்கின் சிற்றூர்களில் விடுதிகளும் உணவகங்களும் பெற்றோல் நிலையங்களும் குளிர்காலத்தில் உயிரோடிருப்பது பெருமளவுக்கு இப்பாதைகளால்தான்.

இத்தனை பெரிய வலையமைப்பின் பெரும்பகுதி அரச காணியில் இல்லை. விவசாயிகளின் வயல்களையும் தனியார் காடுகளையும் ஊடறுத்தே அது செல்கிறது. இழப்பீடோ வாடகையோ வாங்காமல், கழகத்தினருடைய முகத்துக்காக அனுமதி கொடுப்பவர்களே அதிகம். விபத்து நேர்ந்தால் காணிக்காரரை வழக்குக்கு இழுக்க முடியாதவாறு மாநிலச் சட்டம் அவருக்குப் பெருமளவு பாதுகாப்பளிக்கிறது. நவம்பர் இறுதியில் மான் வேட்டைப் பருவம் முடிந்த பின்னரே பாதைகள் திறக்கப்படும். அதற்குள் அறிவிப்புப் பலகைகளை நாட்டுவதும், விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவதும், ஓடைகளின் மேலுள்ள பாலங்களைச் செப்பனிடுவதும் அறுநூறு வரையிலான உள்ளூர்க் கழகங்களைச் சேர்ந்த தொண்டர்களின் வேலை.

நிற்க. பணத்துக்கு வருவோம்.

பொது வரிப் பணம் இதற்குப் போவதில்லை என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வார்கள். வண்டிப் பதிவுக் கட்டணம் ஒரு வழி. 2015இல் நடைமுறைக்கு வந்த வருடாந்தப் பாதை அனுமதிச் சீட்டு இன்னொரு வழி. அதன் விலை ஏறத்தாழ 30 டொலர். கழக உறுப்பினர் தம் பதிவு செய்த வண்டிக்கு எடுத்தால் 10 டொலர். வெளிமாநிலத்தவருக்கு 50 டொலர். கழகத்தில் சேர்பவருக்குச் சலுகை வைத்தவர் மனித இயல்பை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சந்தா செலுத்துபவரெல்லாம் வாள் பிடித்து மரம் அறுக்க வருபவரல்லர்.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது. ஸ்னோமொபைலில் ஊற்றும் பெற்றோலுக்கும் நெடுஞ்சாலை வரி அறவிடப்படுகிறது. வண்டியோ நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை. ஆகவே பதிவான ஒவ்வொரு வண்டியும் ஆண்டுக்கு 50 கலன் எரிபொருள் குடிப்பதாகக் கொண்டு, அதற்கான வரியை 1.4ஆல் பெருக்கிப் பாதை நிதிக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வண்டி உண்மையில் ஓடியதா, கொட்டிலில் உறங்கியதா என்று இந்தச் சூத்திரம் கேட்பதில்லை. ஆயினும் அதன் அடியிலுள்ள எரிபொருள் வரி 2006ஆம் ஆண்டிலிருந்து கலனுக்கு 30.9 சதத்திலேயே நிற்கிறது. கணக்குப் பார்த்தால் வண்டியொன்றுக்கு 21 டொலர் 63 சதம். இரும்பின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் அப்படி நிற்கவில்லை.

நிதி வரும் முறையில் இவ்வளவு நிதானம் இருந்தும், அது செலவாகும் முறையில் அந்த நிதானம் இல்லை. மாநிலம் கவுண்டி நிருவாகத்துக்குக் கொடுக்கும். கவுண்டி, செய்த வேலைக்கான கணக்கைப் பார்த்துக் கழகத்துக்குக் கொடுக்கும். கணக்கில் கனமானது, பனியைச் சீவி அழுத்திப் பாதையைச் சமப்படுத்தும் இயந்திரம் ஓடிய மணித்தியாலங்கள். புதிய இயந்திரமொன்றின் விலை இரண்டு இலட்சம் டொலருக்கு மேல். பனி விழுந்தால் இயந்திரம் ஓடும். ஓடினால் பணம் வரும். விழாவிட்டால்?

2023-24 குளிர்காலம் விஸ்கொன்சினின் பதிவேடுகளிலேயே மிக வெப்பமானது. பனிச்சறுக்கு உலகில் பேர்போன பேர்க்கிபைனர் ஓட்டத்தைக்கூடச் செயற்கைப் பனியிட்ட பத்துக் கிலோமீற்றர் வளையத்திற்குள் சுற்றிச் சுற்றி நடத்த வேண்டியதாயிற்று. ஸ்னோமொபைல் பாதைகள் பல அந்தப் பருவத்தில் திறக்கவேயில்லை, திறந்தவையும் சில நாட்களில் மூடப்பட்டன. ஆனால் இலையுதிர் காலத்தில் பலகை நாட்டியவர்கள் நாட்டித்தான் இருந்தார்கள். பாலங்கள் பழுதுபார்க்கப்பட்டுத்தான் இருந்தன. இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணை, வானத்தைப் பார்த்து வருவதில்லை.

என் கருத்து இதுதான்: பனி விழுந்தாலும் விழாவிட்டாலும், பாதையை ஆயத்த நிலையில் வைத்திருந்ததற்கென்று ஒரு நிலையான தொகை ஒவ்வொரு கழகத்துக்கும் கிடைக்க வேண்டும். இயந்திரத் தவணையின் ஒரு பங்காவது அதற்குள் அடங்க வேண்டும். ஓடாத வண்டிக்கும் 50 கலன் என்று கணக்கிடத் தெரிந்த சட்டத்துக்கு, ஓடாத இயந்திரத்துக்கும் ஒரு கணக்குப் போட முடியாதா? பற்றாக்குறையை எரிபொருள் வரிச் சூத்திரத்தில் மட்டும் தேடாமல், குளிர்கால உல்லாசப் பயணிகளிடமிருந்து வடபகுதி ஈட்டும் விற்பனை வரியிலும் தேடலாம்.

வண்டியே இல்லாதவர் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி, அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் விடுதிக்காரர் பனிப் பாதையின் பயனை ஒவ்வோர் இரவும் தம் பணப்பெட்டியில் காண்கிறார். அவருடைய வாசல் வரை பாதையை இலவசமாகக் கொண்டுவந்து விடுபவர், வார இறுதியில் சம்பளமில்லாமல் வாள் பிடிக்கும் ஒரு தொழிலாளி. அந்தத் தொழிலாளிக்கும் வயதாகிறது.

இதிலே இன்னொன்றும் உண்டு. பணத்தால் இயந்திரம் வாங்கலாம். காணிக்காரரின் சம்மதத்தை வாங்க முடியாது. பாதையை விட்டு விலகி, முளைத்துக் கிடக்கும் பயிரின் மேல் ஒருவர் வண்டியை விட்டால் போதும், அடுத்த ஆண்டு அந்த வாயில் பூட்டப்படும். ஒரு வயல் மூடப்பட்டால் இருபுறமும் உள்ள பல மைல்கள் முட்டுச்சந்தாகிவிடும். ஆண்டுதோறும் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போய், கோப்பி குடித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி கையொப்பம் வாங்கி வருபவரின் மணித்தியாலங்கள் எந்தப் பற்றுச்சீட்டில் எழுதப்படுகின்றன?