வெறுங்கையைக் காட்டாதீர்கள்

பக்கவாதம் வந்தவருக்கு ஒரு செயலைப் பார்க்கவைத்து, பிறகு அதையே செய்யச் சொல்லும் பயிற்சியைச் சிகிச்சையாளர்களான நம்மில் பலர் இப்போது தருகிறோம். எதற்கு இது என்று வீட்டார் கேட்டால், ‘கண்ணாடி நியூரான்கள்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள ஆய்வுகளை நிதானமாகப் படித்தால் நம் பயிற்சி முறையே மாறும்.

இத்தாலியின் பார்மா நகரில் ஜியாகோமோ ரிசோலாட்டி குழுவினர் மக்காக் குரங்குகளை ஆராய்ந்து 1992இல் முதல் முடிவை வெளியிட்டார்கள். குரங்கு ஒரு பொருளைப் பற்றும்போது தூண்டப்படும் நியூரான்களில் சில, இன்னொருவர் பற்றுவதைப் பார்த்தபோதும் தூண்டப்பட்டன. இவையே கண்ணாடி நியூரான்கள். நமக்கு முக்கியமானது அடுத்த செய்தி. பொருளே இல்லாமல், பற்றுவதுபோல் வெறுங்கையால் பாவனை காட்டியபோது அவை பெரும்பாலும் தூண்டப்படவில்லை. பொருள் திரைக்குப் பின்னால் இருப்பது குரங்குக்குத் தெரிந்திருந்தாலோ, கை திரைக்குள் மறைந்த பிறகும் பல நியூரான்கள் தூண்டப்பட்டன. 2005இல் இன்னும் ஒரு படி: ஒரே பிடிதான், ஆனால் வாயில் போட எடுப்பதற்கும் பாத்திரத்தில் போட எடுப்பதற்கும் உச்சிமடல் நியூரான்கள் வேறுவேறாக எதிர்வினை காட்டின.

மனிதரில் பொருளற்ற அசைவைப் பார்த்தாலும் இயக்கப் புறணி ஓரளவு தூண்டப்படுகிறது என்பது உண்மை. ஆனால் பழக்கத்தின் பங்கு பெரிது. பாலே கலைஞர்களுக்கும், கபோய்ரா என்ற பிரேசில் தற்காப்புக் கலையைப் பயின்றவர்களுக்கும் இரு வகை அசைவுகளையும் காட்டியபோது, தாங்கள் பயின்ற அசைவுக்கே அவர்களின் மூளை கூடுதலாக இயங்கியது. ஆகவே, காலமெல்லாம் பூக்கட்டிய அம்மாவுக்குப் பிளாஸ்டிக் கூம்பை அடுக்கும் வீடியோ எதற்கு? இடது கை விரல்களுக்கிடையே மல்லிகையைப் பிடித்து, நாரைச் சுற்றி, இழுத்து முடிச்சை இறுக்குவதைக் காட்டுங்கள். பூவும் நாரும் அவர் மடியிலேயே இருக்கட்டும். குரங்கின் நியூரானிலிருந்து நோயாளியின் கைக்கு நேர்வழி இருப்பதாக நான் சொல்லவில்லை. அசைவைவிட அதன் நோக்கத்தை முன்னிறுத்த இந்த ஆய்வுகள் போதுமான காரணம் தருகின்றன.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசத்துக்குக் கண்ணாடி நியூரான்களின் பழுதே காரணம் என்ற கருதுகோளை நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் உள்ளிட்டோர் முன்வைத்தார்கள். பின்வந்த ஆய்வுகள் அதற்கு உறுதியான ஆதாரம் தரவில்லை. பிறர் கைச்செயலின் நோக்கத்தை ஆட்டிசக் குழந்தைகள் புரிந்துகொள்வதையும் அவை காட்டியுள்ளன. ஏற்கெனவே கலங்கிப்போய் வரும் பெற்றோரிடம், நிரூபிக்கப்படாத இந்த விளக்கத்தைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.