பேரப்பிள்ளைகள் இல்லாத இரண்டு நாள்



போன வாரம் மகள் குடும்ப குரூப்பில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிக்க என் விரலுக்குத் தெம்பில்லை. ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

படத்தைப் பார்க்காதவர்களுக்கு: நானும் அவரும் எங்கள் 45-வது கல்யாண நாளுக்கு ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனோம். அங்கே கிராண்ட் ஃப்ளோரிடியன் என்ற ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். இரண்டாவது நாள் ராத்திரி, அந்த ஹோட்டலுக்குள்ளேயே இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் என்ற உணவகத்தில் சாப்பாடு. மகளும் மாப்பிள்ளையும் பேரன் பேத்தியோடு அதே வளாகத்தில் வேறொரு மலிவான ஹோட்டலில் இருந்தார்கள். ஏற்பாடு, செலவு எல்லாம் அவர்கள்தான்.

இனி கேள்விகள். "குழந்தைங்க இடத்துக்குப் போயிட்டு, குழந்தைங்களை விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் தனியா இருந்தீங்களாமே அண்ணி?" இது என் நாத்தனார். "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவ்வளவு காசா?" இது கொழுந்தனார். பழைய மாணவன் ஒருவன், பெயர் சொல்ல மாட்டேன், "டீச்சர், இந்த வயசுல மிக்கி மவுஸா?" என்று கேட்டு நாலு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை வரவழைத்தால், அந்த ஆறு மாதத்தில் இரண்டு நாளாவது அவர்களைத் தாத்தா பாட்டியாக இல்லாமல் புருஷன் பெண்டாட்டியாக இருக்க விட வேண்டும். டிஸ்னிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் அனுப்ப வேண்டும்.

எங்கள் வயதுக்காரர்கள் அமெரிக்கா வருவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். பிரசவம் பார்க்க, பிறகு பிள்ளை பார்க்க. அட்லாண்டாவில் மகள் இருக்கும் பகுதியில் சாயங்காலம் நடக்கப் போனால் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் நம்ம ஊர்த் தாத்தா பாட்டிகள்தான். நிறைய பேர் ஜோடியாகக்கூட வருவதில்லை. அம்மா இங்கே வந்து குழந்தை பார்ப்பார், அப்பா அங்கே வீட்டையும் மாட்டையும் பார்ப்பார். அம்மா திரும்பிப் போனதும் அடுத்த ஆறு மாதத்துக்கு சம்பந்தியம்மா வருவார். ஷிப்ட் மாதிரி. கல்யாணமாகி நாற்பது வருஷம் ஒரே கூரைக்குள் இருந்த இரண்டு பேர், வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு ஆளுக்கொரு கண்டத்தில் இருந்துகொண்டு வீடியோ காலில் மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்கிறார்கள். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட படம் வந்தால் மட்டும் ஆச்சரியப்படுகிறீர்கள்.

ஹோட்டலைப் பற்றிக் கொஞ்சம். டிஸ்னி முதலில் 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது கையில் இருந்தது சுமார் 160 ஏக்கர்தான். கூட்டம் வந்ததும் வெளியாட்கள் சுற்றிலும் லாட்ஜும் கடையுமாகக் கட்டி நெருக்கிவிட்டார்கள். அதனால் ஃப்ளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரை, வாங்குவது யார் என்று தெரியாமல், வேறு வேறு பெயர்களில் வாங்கினார்கள். வால்ட் டிஸ்னி 1966-லேயே இறந்துவிட்டார். பூங்கா திறந்தது 1971 அக்டோபரில். இந்த முறை தங்கும் இடமும் அவர்களுடையதே. கிராண்ட் ஃப்ளோரிடியன் பின்னால் 1988-ல் வந்தது. வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, நூறு வருஷத்துக்கு முந்தைய கடற்கரை மாளிகை மாதிரியான தோற்றம். முன்னால் பெரிய ஏரி. அது வெட்டிய ஏரி. அங்கே தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் எதிர்க்கரையில் பூங்காவை மேடாக்கினார்கள். அந்த மேட்டுக்குள் ஊழியர்கள் போய்வரச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. நாம் நடக்கும் தெரு உண்மையில் முதல் மாடி. எனக்குக் கோட்டையையும் ராட்டினத்தையும்விட இந்தச் சங்கதிதான் பிடித்திருந்தது.

கல்யாண நாள் என்று சொன்னால் ஹோட்டல் வரவேற்பில் இலவசமாக ஒரு வட்ட பேட்ஜ் கொடுக்கிறார்கள். இவர் அதைச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டார். பாங்க் வேலையில் இருந்தபோது யூனியன் பேட்ஜ் குத்திய அதே இடம். அதன் பிறகு மோனோரயிலில் ஏறினாலும், லாபியில் பியானோ கேட்க உட்கார்ந்தாலும், யாராவது ஒருவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் கூச்சப்பட்டார். இரண்டாம் நாள் காலையில் சட்டை மாற்றியதும் பேட்ஜைக் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டார்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன்.

அந்த உணவகத்துக்கு 2024-ல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. பெயர் விக்டோரியா மகாராணியையும் அவர் கணவர் ஆல்பர்ட்டையும் வைத்து வந்தது. தொடங்கிய காலத்தில் பரிமாறும் பெண்கள் எல்லோரும் தங்கள் பெயர் விக்டோரியா என்றும், ஆண்கள் எல்லோரும் ஆல்பர்ட் என்றும்தான் சொல்ல வேண்டுமாம். நல்லவேளை, அந்த வழக்கம் போய்விட்டது. வேலை செய்கிறவருக்கு அவரவர் பெயர் இருக்க வேண்டும். உடைக்கும் கட்டுப்பாடு உண்டு. நான் பட்டுப்புடவை கட்டினேன், இவர் மாப்பிள்ளையின் கோட்டைப் போட்டுக்கொண்டார். தோள் கொஞ்சம் தொங்கியது. யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

நாங்கள் சைவம் என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மூன்று மணி நேரம், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டு வந்தது. ஒரு தட்டில் இரண்டு வாய் அளவுதான் இருக்கும். காளானை வைத்து ஒன்று, தக்காளியை வைத்து ஒன்று. பெயரெல்லாம் எனக்கு வாயில் நுழையவில்லை, ருசி நுழைந்தது. மூன்றாவது தட்டில் இவர் குனிந்து, "இது சாப்பிடவா, பார்க்கவா?" என்றார். ஒருவர் மூலையில் ஹார்ப் என்ற பெரிய நரம்பு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார். என் கைப்பையைத் தரையில் வைக்கக் கூடாதென்று அதற்கு ஒரு குட்டி முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் எனக்கே முக்காலி கிடைத்ததில்லை.

நான் சொல்ல வந்தது ருசியைப் பற்றி இல்லை. அங்கே இரண்டு பேர் வந்து, இரண்டு தட்டையும் ஒரே நொடியில் எங்கள் இருவர் முன்னாலும் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தோசை வார்க்கிற வீட்டில் கடைசித் தோசை யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். இவர் நல்ல மனிதர், காய் நறுக்குவார், பாத்திரம் துலக்குவார். ஆனால் அடுப்புச் சூட்டோடு இருக்கிற பண்டத்தை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தது எத்தனை முறை என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் அங்கே ரசம் வருவதற்குள் நம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பார். இங்கே அந்த மேஜை அன்று ராத்திரி முழுக்க எங்களுடையது. யாரும் நிற்கவில்லை, யாருக்கும் ஊட்டவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உள்ளே அனுமதியே கிடையாது.

அதனால்தான் பேரப்பிள்ளைகள் வரவில்லை, நாத்தனாரே. பேரனுக்கு ஏழு, பேத்திக்கு நாலு. அவர்களும் அதற்காக அழவில்லை. பகலெல்லாம் ஒன்றாகத்தான் சுற்றினோம். குழந்தைகளை விடாத இடமா என்று கோபப்படுகிறீர்கள். நான் அந்த விதியை ஆதரிக்கிறேன். விதி இல்லாவிட்டால் கடைசி நிமிஷத்தில் "அம்மா, இவளை மட்டும் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்களேன்" என்று வந்திருக்கும். நானும் சரியென்றிருப்பேன். பாட்டிகளுக்கு முடியாது என்று சொல்ல வராது, அவர்களுக்காக வாசலில் யாராவது சொன்னால் நல்லதுதான்.

முதல் அரைமணி நேரம் நாங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினோம். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அப்புறம் இவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். 1991-ல் இவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டோம், உறவுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கிடைத்ததாம். வடக்கே மாற்றல் என்று போட்டிருந்ததாம். நான் அப்போதுதான் நம் பள்ளியில் நிரந்தரமாகியிருந்தேன். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். இவ்வளவு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ற மாதிரி நேரம் அமையலை" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அவர் போயிருந்தால், 1991-க்குப் பிறகு என்னிடம் படித்தவர்கள் யாரும் இதை இப்போது படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

கடைசியில் காபி. அதைச் சொல்லாமல் விட்டால் அறிவியல் டீச்சர் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. கீழே ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், மேலே இன்னொன்றில் காபித்தூள், நடுவில் குழாய். கீழே சூடேற்றினால் ஆவியின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. தூளோடு கலக்கிறது. தீயை எடுத்ததும் கீழே ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைய, டிகாக்ஷன் வடிகட்டி வழியாகச் சரசரவென்று கீழே இறங்குகிறது. கீழ்க் குடுவை உறிஞ்சுகிறது என்று எழுதினால் மார்க் கிடையாது. வெளிக்காற்று தள்ளுகிறது என்று எழுத வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தேன். பரிமாறிய பெண்மணி சிரித்துக்கொண்டே இன்னொரு முறை விளக்கினார். காபி நன்றாக இருந்தது. நம் ஃபில்டர் காபிக்கு ஈடில்லை.

கொழுந்தனாரே, காசு விஷயம். 2022-ல் அந்த உணவகம் புதுப்பித்துத் திறந்தபோது ஓர் ஆளுக்கு 295 டாலர். நம் கணக்கில் சுமார் 25,000 ரூபாய். வரி, டிப்ஸ், மது எல்லாம் தனி. மது எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அதிகம்தான். அதிகமில்லை என்று வாதாட மாட்டேன். இன்னொரு கணக்கும் போடுங்கள். 2023-ல் அங்குள்ள தொழிற்சங்கங்கள் பேசி வாங்கிய அடிப்படைக் கூலி மணிக்கு 18 டாலர். அந்தக் கூலிக்காரர் ஒருவர் இரண்டு நாள் உழைத்தால்தான் அந்த ஒரு சாப்பாட்டின் விலை சேரும். பூங்காவுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் அறைகளில் வாரவாடகைக்குக் குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றி 2017-ல் 'தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்' என்று ஒரு படம் வந்தது. டிஸ்னிக்குப் போகும் முன்பாகவோ பிறகோ அதையும் பாருங்கள்.

அதனால் என் மாணவர்களில் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. டிப்ஸ் வைக்கும்போது கணக்குப் பார்க்காதீர்கள். டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்குக் குறைந்தபட்சக் கூலியில் 3.02 டாலர் குறைத்துக் கொடுக்க ஃப்ளோரிடா சட்டமே இடம் தருகிறது. அதை ஈடுகட்டுவது சாப்பிடுகிறவர் கையில் இருக்கிறது. அம்மா அப்பாவை உட்கார வைத்து மரியாதை செய்துவிட்டு, அவர்களுக்குப் பரிமாறியவரிடம் பேரம் பேசினால் என் முகத்தில் விழிக்காதீர்கள்.

அப்படிச் செலவு செய்ய முடியாதவர்கள்தான் அதிகம். என் மகளும் இரண்டு வருஷம் சேர்த்து வைத்துத்தான் செய்தாள். முடியாவிட்டால் அங்கே அறை எடுக்காமலேயே லாபியில் போய் உட்காரலாம். இசை கேட்கலாம், மோனோரயிலுக்குக் கட்டணம் கிடையாது, ராத்திரி ஏரிக்கரையில் நின்று வாணவேடிக்கை பார்க்கலாம். நாங்களும் முதல் நாள் அதைத்தான் செய்தோம். நம் ஊரில் என்றால் கொடைக்கானலில் ஒரு அறை, அதுவும் இல்லையென்றால் பேரப்பிள்ளைகளை நீங்கள் ஒருநாள் பார்த்துக்கொண்டு அவர்களைச் சரவண பவனுக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை, நீங்கள் கூடப் போகக் கூடாது, போன் பண்ணவும் கூடாது. என் மகள் அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு முறைகூட அழைக்கவில்லை. பேத்திக்கு அன்று ராத்திரி லேசாகச் சளியாம், மறுநாள் காலையில்தான் சொன்னாள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. பிள்ளைகள் இப்படிக் கூப்பிட்டால் "எங்களுக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லாதீர்கள். மேஜையில் உட்கார்ந்து டாலரை எண்பத்தைந்தால் பெருக்காதீர்கள். இவர் பெருக்கத் தொடங்கியபோது மேஜைக்கு அடியில் காலை மிதித்தேன்.

மிக்கி மவுஸ் கேள்வி கேட்டவனுக்கு: மிக்கி மவுஸைப் பார்த்தோம், கை குலுக்கினோம், படம் இருக்கிறது. உன் பத்தாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண்ணும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டில் எதைக் குரூப்பில் போடட்டும்?

தீபாவளிக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவோம். வீட்டுச் சாவி எதிர்வீட்டு மதினியிடம்தான் இருக்கிறது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு நன்றி.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்