நீ முதலில் அனுப்பு

கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றில் இருவகை நாணயங்கள் உண்டு. ஒன்று ஆடி ஆடிச் சேர்ப்பது. பெரும்பாலும் அதற்குத் தங்கம் என்றே பெயர். மற்றொன்று வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்தி வாங்குவது. ஆட்டத்திற்கு ஆட்டம் வைரம், ரத்தினம், யூசி எனப் பெயர் மாறும். தங்கத்திற்கு நேரம் செலவாகிறது, வைரத்திற்குப் பணம் செலவாகிறது. நேரம் மிகுந்த மாணவனிடம் பணம் இராது. வேலைக்குப் போகும் இளைஞனிடம் நேரம் இராது. இருவரும் தம்மிடம் உள்ளதைக் கொடுத்து இல்லாததைப் பெற விழைவதில் வியப்பில்லை. வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற நம் எல்லைப்புற ஊர்களிலும் இப்பேரம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பேரத்தை நான் குறை கூறவில்லை. அது எந்த இடத்தில், யார் முன்னிலையில் முடிகிறது என்பதே என் கவலை.

இப்பகுதியினருக்குப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை புதிதன்று. துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் அங்கு உண்டு. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் முன்பின் அறிந்திருக்க வேண்டியதில்லை; இருவரையும் அறிந்த தரகர் நடுவில் நிற்பார். தரகு வீண் செலவு என்று முணுமுணுப்பவரும், தரகர் இல்லாமல் அயலூர்க்காரரிடம் மாடு பிடிக்கத் தயங்குவார். திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதியாளர் கடல் கடந்து சரக்கு அனுப்பும்போது வங்கியின் 'லெட்டர் ஆஃப் கிரெடிட்'டைக் கேட்பதும் இதே காரணத்தால்தான். யார் முதலில் கொடுப்பது என்ற பழைய சிக்கலுக்கு நடுவர் ஒருவரே விடை.

ஆட்ட உலகமும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் ஜாகெக்ஸ் நிறுவனம் நடத்தும் 'ரூன்ஸ்கேப்' ஆட்டத்தின் வரலாற்றை வங்கியாளர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். அவ்வாட்டத்தின் தங்கத்தை வெளிச்சந்தையில் காசுக்கு விற்கும் கூட்டம் பெருகியது. அக்கூட்டத்தார் திருடப்பட்ட கடன் அட்டைகளைப் பயன்படுத்தி உறுப்பினர் கணக்குகளைத் தொடங்கினர். அட்டைக்குரியவர் புகார் செய்ததும் பணம் திரும்பிப் போயிற்று; நட்டம் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. 2008 ஜனவரியில் ஜாகெக்ஸ் கடுமையான முடிவெடுத்தது. மதிப்பில் பெரிய வேறுபாடுள்ள கொடுக்கல் வாங்கல் கூடாது எனத் தடுத்தது. தங்க வியாபாரிகள் மட்டுமல்லாது, தோழனுக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுக்க நினைத்தவனும் அகப்பட்டுக்கொண்டான். பலர் ஆட்டத்தை விட்டே போனார்கள். பின்னர் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் தடையை நீக்கினார்கள்.

தடை நீங்கியதும் பழைய வியாபாரிகள் திரும்பி வரக் கேட்க வேண்டுமா? 2013 செப்டம்பரில் வந்த 'பாண்டு' என்னும் ஏற்பாடே நிறுவனம் கண்ட மாற்று வழி. பணமுள்ளவர் நிறுவனத்திடமிருந்து நேரடியாக ஒரு பாண்டு வாங்குகிறார். அதை ஆட்டத்திற்குள்ளேயே உள்ள சந்தையில் வைத்துத் தங்கம் பெறுகிறார். தங்கமுள்ளவர் அந்தப் பாண்டைக் கொண்டு உறுப்பினர் கட்டணத்தைத் தீர்த்துக்கொள்கிறார். இருவரும் ஒருவர் பெயரை மற்றவர் அறிய வேண்டியதில்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2015 ஏப்ரலில் கொண்டுவந்த டோக்கன் இன்னும் ஒரு படி மேல்: விற்பனைக்கு வைக்கும் கணத்தில் எவ்வளவு தங்கம் என்று திரையில் காட்டப்படுகிறதோ அவ்வளவும் உறுதி, இடையில் விலை இறங்கினாலும். ஒருமுறை விற்ற டோக்கனை வாங்கியவர் மறுபடி விற்க முடியாது. பதுக்கி வைத்து விலையேற்றுபவருக்கு அங்கே வேலையில்லை.

நடுவரை விட்டு விலகிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 'ஈவ் ஆன்லைன்' ஆட்டத்தில் ஒரு கதை உண்டு. அங்கே பணம் கொடுத்து வாங்கும் சீட்டுக்குப் 'பிளெக்ஸ்' என்று பெயர். 2010-ல் ஒருவர் 74 பிளெக்ஸ்களை ஒரு சிறு கப்பலில் ஏற்றிச் சென்றார். பகைவர் சுட்டதில் கப்பலோடு அத்தனையும் அழிந்தன. ஆயிரம் டாலருக்கும் மேல் பெறுமானம்! சீட்டை நிலையத்திலேயே வைத்து விற்றிருக்கலாம்.

நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்கள் பலவற்றில் இத்தகைய உட்சந்தை இல்லை. நிறுவனத்திடம் வைரம் வாங்கலாம். மற்றொரு ஆட்டக்காரரோடு முறைப்படி மாற்றிக்கொள்ள வழியில்லை. எனவே பேரம் வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் இடம்பெயர்கிறது. அங்கே தரகரும் இல்லை, துண்டும் இல்லை. "நீ முதலில் அனுப்பு" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. முதலில் அனுப்பியவன் ஏமாறுகிறான். பணம் செலுத்தியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் வருகிறது. அல்லது பணம் பெறுவதற்கென்று யுபிஐ இரகசிய எண்ணை இடச் சொல்கிறார்கள். பணம் பெற அந்த எண் ஒருபோதும் தேவையில்லை என்பது பெரியவர்களிலேயே பலருக்கு இன்னும் பதியவில்லை. சிலர் ஆட்டக் கணக்கின் பாஸ்வேர்டையே கேட்கிறார்கள். அதே பாஸ்வேர்டு மின்னஞ்சலுக்கும் இருந்துவிட்டால் இழப்பு ஆட்டத்தோடு நிற்காது.

இவற்றைக் காட்டிலும் பெரிய ஆபத்து, பேரம் ஒழுங்காக முடிந்தது போலத் தோன்றும்போது நேர்வது. பையன் தங்கத்தைக் கொடுத்தான். தந்தையின் கணக்கில் பணமும் வந்து விழுந்தது. ஆனால் அனுப்பியவர் அப்பணத்தை வேறொருவரிடமிருந்து மோசடியாகப் பறித்திருந்தால்? பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்கிறார். பணம் சென்ற வழியெல்லாம் தேடிவந்து கணக்குகளை முடக்குகிறார்கள். புகார் பதிவான காவல் நிலையம் தொலைதூர மாநிலம் ஒன்றில் இருக்கும். தென்னை விற்ற பணமும் பால் சொசைட்டிப் பணமும் அதே கணக்கில்தானே இருக்கின்றன! 2023-ல் கேரளத்தில் யுபிஐ மூலம் பணம் பெற்ற பலரின் கணக்குகள் இவ்வாறு முடக்கப்பட்டபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஐயத்துக்குரிய தொகை அளவுக்கே முடக்கத்தை நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் வங்கிகளுக்குக் கூறியது. நியாயமான தீர்ப்பு. ஆயினும் அந்த நிவாரணத்தைத் தேடி எர்ணாகுளம் வரை அலையும் நிலை ஒரு விவசாயிக்கு வர வேண்டுமா?

ஆகவே இந்தியாவில் ஆட்டம் நடத்தும் நிறுவனங்கள் உட்சந்தையை அமைத்துத் தர வேண்டும் என்பது என் கருத்து. இரு தரப்புப் பொருளையும் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரே கணத்தில் மாற்றித் தரும் சந்தை. அதற்கு ஒரு சிறு கழிவு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அச்சந்தைக்கு உள்ளே போகும் வழி மட்டும் இருக்க வேண்டும். தங்கத்தை மீண்டும் ரூபாயாக்கி வெளியே எடுக்கும் வழி இருக்கலாகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணப் பரிசை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் செய்துதரவும் கூடாது என்கிறது. பணமாக மாற்றத்தக்க நாணயம், டோக்கன் ஆகியவற்றையும் அச்சட்டம் பணயக் கணக்கில் சேர்க்கிறது. வெளியேறும் வாசலைத் திறந்துவிட்டால் விளையாட்டுச் சந்தை சூதாட்டச் சந்தையாகிவிடும் என்பது என் அச்சம். 'டயாப்லோ 3' ஆட்டம் உண்மைப் பணத்தில் ஏலச் சந்தை நடத்திப் பார்த்து, ஆட்டத்தின் சுவையே கெட்டதென்று 2014 மார்ச்சில் அதை மூடியதையும் நினைவிற் கொள்ளலாம்.

உட்சந்தை வரும்வரை, பிள்ளையின் செலவைத் தந்தையின் சேமிப்புக் கணக்கிலிருந்து பிரித்து வைப்பதே பெற்றோர் செய்யத்தக்கது. பத்து வயது நிறைந்த சிறுவர் தாமே கணக்குத் தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி 2025-ல் இடமளித்துள்ளது. வரம்பை வங்கி வகுக்கும். வைரம் வாங்க வேண்டுமானால் அந்தச் சிறு கணக்கிலிருந்து, ஆட்டத்தின் சொந்தக் கடையில் மட்டும் வாங்கட்டும். அறியாதவரிடமிருந்து ஏற்கெனவே பணம் வந்து விழுந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். "தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு" என்று யாரேனும் அழைத்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம். நடந்ததைக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரையாடல்களையும் பையன் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.