முதலில் பழக வேண்டியது நாய் இல்லை, நாம்தான்

"குட்டி ஒண்ணு வாங்கியிருக்கேன், எப்படிப் பழக்குறது?" இந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். முதலில் வீட்டில் இருக்கிற மனுஷங்களைப் பழக்கு. குட்டி தானாகப் பழகிவிடும்.

கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் ஒன்றும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் ஆள் ஜாஸ்தி. ஒரு குட்டி வந்ததும் என்ன நடக்கிறது? அண்ணன் 'சிட்' என்கிறான். அப்பா 'ஏய், உக்காரு' என்கிறார். சித்தப்பா விரலைச் சொடுக்குகிறார். அப்பத்தா எதுவுமே சொல்வதில்லை, கையில் இருக்கிற முறுக்கில் பாதியை ஒடித்துப் போட்டுவிடுகிறார். குட்டியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் மூன்று மொழியில் கத்துகிறார்கள், ஒருவர் மட்டும் பேசாமல் தின்ன கொடுக்கிறார். அது யார் சொல்படி கேட்கும்? அப்பத்தா பின்னாலேயேதான் திரியும். அதைப் பார்த்துவிட்டு 'நம்ம நாய்க்கு அறிவே கிடையாது' என்று தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஒரு நாய். நாட்டு நாய்தான், பெயர் மணி (ஆமாம், தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு இதுதான் பெயர் :-)). மணி வந்த வாரமே ஐந்து சொற்களை ஒரு தாளில் எழுதித் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினோம். உட்கார், நில், வா, விடு, போதும். யார் கூப்பிட்டாலும் இதே சொல்தான், இதே கை ஜாடைதான். நாய்க்கு வார்த்தையைவிடக் கை ஜாடை சீக்கிரம் பிடிபடும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் காட்டுவது நல்லது. அந்தத் தாளைப் பார்த்து அதிகம் படித்தது மணி இல்லை, எங்கள் அப்பத்தாதான்.

'வா' என்ற சொல்லுக்கு மட்டும் தனியாக ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். திட்டவோ, குளிப்பாட்டவோ, கட்டிப்போடவோ அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். 'வா' என்றால் நல்லது நடக்கும் என்று அதற்குப் பதிய வேண்டும். என்றைக்காவது கயிறு நழுவி அது மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினால் அந்த ஒரு சொல்தான் உயிரைக் காப்பாற்றும்.

அடுத்தது நேரம். குட்டி உட்கார்ந்த ஒன்றிரண்டு வினாடிக்குள் பாராட்டோ ஒரு துண்டு தீனியோ கிடைத்தால்தான் 'உட்கார்ந்ததற்குக் கிடைத்தது' என்று அதற்குப் புரியும். சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் அது எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அப்போது கொடுத்தால் 'எழுந்ததற்குக் கிடைத்தது' என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். தண்டனைக்கும் இதே கணக்குதான். காலையில் ஹாலில் அசிங்கம் செய்ததற்குப் பத்து மணிக்கு மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் கை ஆபத்தானது. அடுத்த முறை பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு செய்யும்.

இதற்கு வழி ரொம்ப சாதாரணமானது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போங்கள். ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். இரண்டு மாதக் குட்டியால் மணிக்கணக்கில் அடக்கிவைத்திருக்க முடியாது. ராத்திரியில் ஒருவர் எழுந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைக் குட்டி வாங்குவதற்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் அம்மாதான் எழுந்திருப்பார்.

செருப்பைக் கடிப்பதும் அப்படித்தான். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு நமநமவென்று இருக்கும்போது எதையாவது கடிக்கத்தான் செய்யும். துணியை முடிச்சுப் போட்டு நனைத்துக் கொடுங்கள். செருப்பை எடுத்து உயரத்தில் வையுங்கள். இதில் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது யார்? வாசலில் செருப்பை விசிறிவிட்டு உள்ளே ஓடுகிற நாம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் செட்டிநாட்டுக்காரர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? இவை இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். வெந்த கோழி எலும்பு கூர் கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். மீந்ததை எல்லாம் தட்டில் வழித்து 'நாய்க்குப் போடு' என்கிற பழக்கம் பாசத்தில் வருவதுதான், ஆனால் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காரமும் உப்பும் சேர்ப்பதற்கு முன்னாலேயே கொஞ்சம் சோறும் எலும்பில்லாத கறியும் தனியாக எடுத்துவைத்தால் முடிந்தது வேலை.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். சங்கிலி.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். முகப்பில் ஒரு காவல்காரர், அவருக்குத் துணையாகத் தூணில் கட்டிய ஒரு நாய். ராத்திரி பகல் என்று இல்லை, நாலடிச் சங்கிலியே அதன் உலகம். 'காவலுக்குத்தானே வச்சிருக்கோம், அவுத்துவிட்டா கடிச்சுடும்' என்பார்கள். அவர்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. பயந்த நாய்க்கு இரண்டே வழிதான், ஓட வேண்டும் அல்லது கடிக்க வேண்டும். சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது. மீதி இருப்பது கடி மட்டும்தான். அதோடு, பால்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எல்லாரையும் பார்த்து இருபத்து நாலு மணி நேரமும் குரைக்கிற நாயால் காவலுக்கு என்ன பிரயோஜனம்? திருடன் வந்து குரைத்தாலும் யாரும் எழுந்து பார்க்கப் போவதில்லை.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, விலங்கை அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவோ ஓடவோ விடாமல் இருப்பதையும், நாய் என்றே பெயர் சொல்லிக் குற்றமாக எழுதியிருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இத்தனைக்கும் நாயை மதித்த மண் இது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது, சுமார் 1,400 வருஷப் பழசு. வீரனோடு சேர்த்து, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நகரத்தார் கோயில்களில் ஒன்றான வைரவன்பட்டிக்குப் போகாதவர் நம்மில் யார்? பைரவருக்கு வாகனம் நாய். தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை சாத்திக் கும்பிட்டுவிட்டு, திரும்பி வந்து தூணில் கட்டிய நாய்க்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே போகிறோம். பக்தியை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீரையும் பக்தியில் சேர்த்துக்கொள்ளலாமே என்கிறேன்.

அடுத்தது 'நாட்டு நாய்' மோகம். இந்திய அஞ்சல் துறை 2005-இல் நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பெயர்களைச் சொன்னார். பெருமைதான், சந்தோஷம்தான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலை விரட்டி ஓடுவதற்காக வளர்க்கப்பட்டவை. அந்தக் காலும் மூச்சும் ஓடுவதற்கென்றே அமைந்தவை. அதைக் கொண்டுவந்து வாடகை வீட்டு மாடிப்படிக்கு அடியில் கட்டிவிட்டு 'ரொம்ப முரட்டு நாய்' என்று அலுத்துக்கொள்கிறோம். ராஜபாளையத்தில் சுத்த வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும்தான் வேண்டும் என்று தேடித் தேடி நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்த்ததில், காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. (கேளாத குட்டியைக் கை ஜாடையாலேயே அருமையாகப் பழக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.) காலை மாலை ஓடவிட இடமும் நேரமும் இல்லாதவர்கள் தெருவில் பிறந்த ஒரு குட்டியை எடுத்து வளர்க்கலாம். நம் வெயிலைத் தாங்கும், புத்தியிலும் எதற்கும் குறைந்தது இல்லை.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. சித்திரை மாத மத்தியானத்தில் தார் ரோட்டில் நாயை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வினாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்புங்கள். மத்தியானம் அது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தவளை மாதிரி படுத்துக் கிடக்கட்டும். அதைவிடக் குளிர்ச்சியான இடம் அதற்குக் கிடையாது, அந்தக் காட்சியைப் பார்க்க நமக்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

தடுப்பூசியில் மட்டும் சமரசமே கூடாது. பார்வோ நோய் வந்தால் ரத்தப் பேதியில் குட்டி சில நாளிலேயே போய்விடும். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி அடுத்தடுத்த தவணைகள், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி, பிறகு வருஷா வருஷம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மனுஷனானாலும் நாயானாலும் பிழைப்பது அநேகமாக இல்லை. நாய் கடித்தால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எல்லாம் வைக்காமல், ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

2025-இல் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டிலும் நவம்பரிலும் உத்தரவுகள் போட்டபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடிபட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குக் கோபம் இருப்பது நியாயம். தெரு நாய்க்குச் சோறு வைப்பவர்களின் பரிதவிப்பும் நியாயம். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு கூட்டம் மட்டும் தப்பித்துவிட்டது. ஆசைக்கு வாங்கி, வளர்ந்ததும் அலுத்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருகிறார்களே, அவர்கள். இதை ஏன் வகுப்புத் தோழர்களுக்குச் சொல்கிறேன் என்றால், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததற்குப் பரிசாகக் குட்டி கேட்பவர்கள் நாம்தான். மூன்றே வருஷத்தில் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கப் போகிறவர்களும் நாம்தான். நாய் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பிள்ளைகள் வெளியூர் போவதே வழக்கமாகிவிட்ட நம் பகுதியில், அந்தப் பன்னிரண்டில் ஒன்பது வருஷத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு வளர்க்க வேண்டும் என்கிறீர்களா? ஒரு மாதம் ஒழுங்காகப் பழகிப் பாருங்கள். பரீட்சையில் சொதப்பிவிட்டு வந்தாலும் வாசலில் நமக்குக் கிடைக்கிற வரவேற்பு ஒரே மாதிரிதான். வீட்டில் யாரிடமும் அதிகம் பேசாத ஐயா நாயிடம் மட்டும் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவார். சாயங்காலம் நாயை நடத்திப் போகும்போது, அதுவரை பெயர்கூடத் தெரியாத நாலு தெரு மனுஷர்கள் பழக்கமாவார்கள். 'விடு' என்றதும் வாயில் இருந்த பந்தை அது நம் கையில் வைக்கிற அந்த முதல் நாளைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கடைசியாக ஒன்று. மனுஷங்களைப் பழக்குவதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் வந்தது. அங்கே கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வெடி ஆசை இருக்காதா? இருந்தும் ஒரு ஊரே கூடி முடிவெடுத்து, அதைக் காப்பாற்றியும் வருகிறது. வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக் கிடக்கிற ஒரு நாய்க்காக ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒரு முடிவு எடுக்க முடியாதா?

ஆகவே குட்டி வாங்கப் போகிற நண்பர்களே, பணத்தை எண்ணுவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரையும் உட்காரவையுங்கள். காலையில் யார் நடத்துவது, ராத்திரி யார் எழுவது, ஊசிக்கு யார் கூட்டிப்போவது, நீங்கள் வெளியூர் போனால் யார் பொறுப்பு, எந்த ஐந்து சொற்கள். இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் போய் வாங்கி வாருங்கள். அப்பத்தாவிடம் முறுக்கைப் பற்றி மட்டும் தனியாகப் பேசிவிடுங்கள் :-)