கொடிக்கு மணல் உண்டு, வலைக்கு?

கோவளத்துக்கு 2021-இல் கிடைத்த நீலக்கொடியை மெரினா, கடலூர் சில்வர் பீச், நாகை காமேஸ்வரம், ராமநாதபுரம் அரியமான் என்று கரைகரையாக நட்டே தீருவது என்பதில் அரசு பிடிவாதமாக இருக்கிறது. சுத்தமான கழிப்பறை, உயிர்காப்பாளர், பரிசோதித்த கடல்நீர் ஆகியவற்றை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு கடற்கரைகளுக்குத் தரும் அந்த நீலக்கொடிச் சான்றுக்கு 33 நிபந்தனைகள். அத்தனையையும் நிறைவேற்றத் துடிப்பவர்கள், அந்த மணலில் தலைமுறைகளாகப் பிழைப்பவர்களிடம் என்ன கேட்டார்கள்?

கொடி நடுபவர்கள் கண்ணுக்கு மணல் காலி மனை. மீனவருக்கு அது பட்டறை, சந்தை, களம். விடியலில் ஃபைபர் படகு கரை பிடித்ததும் அதைத் தள்ளி ஏற்ற இடம் வேண்டும். வலையை நீளமாக விரித்து, சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து, கிழிசலைப் பின்ன வேண்டும். ஏலமும் அங்கேதான். காரப்பொடிக்கும் சங்கராவுக்கும் விலை பேசி முடித்த பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும். விலை போகாத மீன் உப்பு கண்டு அதே மணலில் கருவாடாகக் காயும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கரையைத் தின்னும்போது படகை இன்னும் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அந்த மேட்டில்தான் இப்போது மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும். குளிக்கும் பகுதிக்குள் படகு கூடாதாம். சரி, படகு எங்கே போகும்? கொஞ்சம் தள்ளிப் போ என்பது வரைபடத்தில் ஒரு கோடுதான். ஈரக் கூடையைத் தலையில் வைத்துச் சுடுமணலில் நடக்கிற ஐம்பது வயதுப் பெண்ணிடம் அந்தக் கோட்டைக் காட்டிப் பாருங்கள்.

விதியும் ஆளுக்கேற்ப வளைகிறது. ஊரகக் கரையில் மீனவர் புதுவீடு கட்ட உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டர் விலகி நிற்கச் சொன்னது 2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. நீலக்கொடிக் கரையின் கழிப்பறைக்கும் உடைமாற்றும் அறைக்கும் 10 மீட்டர் போதும் என்று 2020-இல் தளர்த்தினார்கள்.

ஆட்சிகள் மாறினாலும் அதிகார நாற்காலிகளின் புத்தி மாறவில்லை. மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று 1985-இல் கட்டுமரங்களை அப்புறப்படுத்தப் போய், விவகாரம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு உள்ளே தள்ளி வீடு கொடுத்தார்கள், கடலோர மனையின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் புதுச் சந்தை திறப்பதற்கு முன்பே மீன்கடைகளை அகற்ற வந்தார்கள். மீனை நடுரோட்டில் கொட்டி மீனவர்கள் மறித்தார்கள். அதே ஆண்டு கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடம் வந்தபோது, எங்கள் ஊரையே காணோம் என்று மீனவர்கள் கொதித்தார்கள். குப்பத்தைக் குறிக்க மறக்கிற கைக்குக் கொடிக்கம்பம் நட மட்டும் மறப்பதே இல்லை.

இனியாவது கடலோர மக்களை எதிரே உட்காரவைத்து, கரைக்கு ஒரு நியாயமான ஏற்பாட்டைக் காணட்டும். எப்படி என்று நம்மைக் கேட்க வேண்டாம். சாய்வு நாற்காலிக்கு இடம் அளந்து வைத்தவர்களுக்குப் படகுக்கு அளக்கத் தெரியாதா? அதுவரை அடுத்த கொடி எந்தக் கரையில் என்று பட்டியல் வாசிப்பதை நிறுத்திவைக்கட்டும்.