கூட்டக் குறிப்பும் நம் உரிமையே

வீட்டு முன் கால்வாய் அடைத்துக்கொண்டால் நகராண்மைக் கழகத்தைக் குறை சொல்கிறோம். அங்கு முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டுப் பதிவாகின்றன என்று கேட்பதில்லை. அந்தப் பொறுப்பு செயலாளர் அலுவலகத்துடையது. கூட்ட அறிவிப்பு அனுப்புவது, நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, கூட்டக் குறிப்பு எழுதிப் பாதுகாப்பது, முடிவுகளை உரிய பிரிவுகளுக்குத் தெரிவிப்பது ஆகியவை அதன் பணிகள்.

இது வெறும் காகித வேலை அன்று. நம் நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. தீபகற்ப மாநிலங்களில், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில், யார் எதற்கு ஒப்புதல் தந்தார் என்பதற்குக் கூட்டக் குறிப்பே சாட்சி.

அச்சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. குழுக் கூட்டங்களுக்கு இந்த விதி தானாகப் பொருந்தாது. விவாதம் முழுவதும் குழுவிலேயே முடிந்துவிட்டால், மன்றக் கூட்டம் வெறும் கையெழுத்துச் சடங்காகிவிடும். குழுக் கதவுகளும் திறக்கப்பட வேண்டும்.

மாணவர்களே, திறந்திருக்கும் கதவை முதலில் பயன்படுத்துவோம். செயலாளர் அலுவலகத்தை அழைத்து, அடுத்த கூட்டத் தேதியைக் கேளுங்கள். நண்பர்களுடன் சென்று அமருங்கள். கேட்க ஆளிருந்தால் பதில் சொல்லும் பொறுப்பும் கூடும்.