குட்டை கசிவு சரிசெய்யும் தொழில்: வேலையை விடலாமா?

ஐந்தருவிப் பக்கம் போனா சுத்திலும் தோப்புகள், ரிசார்ட்கள். பண்ணைக்குட்டையோ மீன்குளமோ வச்சிருக்கவங்களுக்குத் தண்ணி கசிஞ்சா பெரிய தலைவலி. அதைச் சரிசெய்வது நல்ல தொழில்தான். ஆனா, அதுக்காக வேலையை உடனே விடாதீங்க என்பது என் கருத்து.

குட்டை காய்ந்தால்தான் களிமண் இறுக்கவோ ஷீட் விரிக்கவோ முடியும். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா வேலை நின்னுடும். உங்க இஎம்ஐ நிக்காது! கோடையில் வந்த பணத்தில் செலவு போக மிச்சத்தை 12-ஆல் வகுங்க. அதுதான் உங்க மாதச் சம்பளம்.

அதுவும் முழுசா உங்களோடது இல்லை. மழையில் குட்டை நிரம்பின பிறகுதான் வேலையோட தரம் தெரியும். மறுபடி கசிந்தால் செலவு உங்க தலையில். அதுக்கு 10% தனியா எடுத்து வைங்க.

குட்டையில் தண்ணி இருக்கும் மாதங்களில், வார இறுதியில் ஆய்வுக்கு மட்டும் கட்டணம் வாங்குங்க. பக்கெட்டில் தண்ணி நிரப்பி குட்டைக்குள்ளேயே வைங்க. 24 மணி நேரத்தில் பக்கெட்டைவிட குட்டை மட்டம் அதிகமா இறங்கினா கசிவு. சமமா இறங்கினா வெறும் ஆவியாதல்.

ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஒரு வருஷம் இப்படி ஓட்டிப் பாருங்க. கணக்கு சரியா வந்தா, அப்புறம் ராஜினாமா கடிதம் எழுதலாம்.